பிளான் அண்ணாச்சி வரைந்த கட்டில்

இதை எழுத எனக்கு ஒன்பது வருசம் ஆகியிருக்கிறது. எழுதியது என்னவோ ஒரு வாரம்தான். மீதி முழுவதும் தயக்கம். நான் பத்தாவதோடு நின்றவன். தென்காசியில் கோயிலுக்குப் போகிற வழியில் பூசைச் சாமான் கடை வைத்திருக்கிறேன். சூடமும் பத்தியும் திருநீறும் விற்கிறவனுக்கு எழுத்து எங்கே வரும் என்று எனக்கு நானே சொல்லித் தப்பித்துக்கொண்டேன். மூன்று தடவை நோட்டு வாங்கினேன். மூன்றிலும் பிள்ளையார் சுழி போட்டு, அதன் கீழே 'பிளான் அண்ணாச்சி' என்று எழுதி, அதோடு மூடினேன். பிறகு அந்த நோட்டுகளில் கடைக்கு வாங்கவேண்டிய சரக்கை எழுதித் தீர்த்தேன்.

போன ஆடியில் என் வீட்டுக்காரி போய்ச் சேர்ந்துவிட்டாள். இனி நான் மறைத்துவைக்க எதிரே ஆள் இல்லை. சொல்வதால் யாருக்கும் நல்லது நடக்கப்போவதும் இல்லை. அது தெரிந்துதான் எழுதுகிறேன்.

அண்ணாச்சியின் சொந்தப் பெயரை எழுத மாட்டேன். அவர் பிள்ளைகள் ஊரில் மரியாதையாக இருக்கிறார்கள். அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் புத்தி தடுமாறிவிட்டது என்று அவர்கள் நம்புகிறார்கள். அப்படி இல்லை என்று அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருந்தார். அரசாங்க ஆபீஸில் படம் வரைகிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீடு கட்டுகிறவர்கள், சொத்துப் பிரிக்கிறவர்கள் எல்லாரும் அவரிடம் படம் போட வருவார்கள். அதனால் சின்னப் பிள்ளைகளுக்குக்கூட அவர் பிளான் அண்ணாச்சி. ஒல்லியான ஆள். இரும்பு ஸ்கேல் ஒன்றைச் சட்டைக் காலருக்குள் முதுகுப் பக்கமாகச் செருகியிருப்பார். அதனால் குனியவே மாட்டார். யார் கூப்பிட்டாலும் உடம்போடு திரும்புவார்.

அவருக்கு ஒரே ஒரு குணம்தான். இருப்பதைப் போடுவார். இருப்பது எல்லாவற்றையும் போடுவார். 'ஏறக்குறைய' என்ற சொல் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. கல்யாண வீட்டில் பெண்ணின் தகப்பனார் கையைக் கட்டிக்கொண்டு, "சாப்பாடு எப்படி அண்ணாச்சி?" என்று கேட்டால், "ரசத்துல உப்பு கொறச்சல். மூணாவது பந்தியில சரி பண்ணிட்டாவ" என்பார். கோயிலுக்கு அவரோடு போனால் வெளியே வந்ததும் கேட்பார்.

"ஏ தம்பி, மூணாவது தூண்ல யாளிக்கு இடது காது ஒடைஞ்சிருக்கு. பாத்தியா?"

"நான் சாமியப் பாத்தேன் அண்ணாச்சி."

"நானும் சாமியத்தான் பாத்தேன். போற வழியில யாளி நிக்குல்லா!"

எங்கள் தெருவில் ஒரு மளிகைக்காரர் இறந்தபோது மூத்த மகன், அப்பாவின் பழைய போட்டோவைக் கொடுத்து, நடுவீட்டில் மாட்டப் பெரிதாக வரைந்து தரச் சொன்னான். பதினாறாம் நாள் படம் வந்தது. மேல்வரிசையில் ஒரு பல் இல்லை.

"ஏன் அண்ணாச்சி, போட்டோவுல எங்க அப்பா வாயை மூடிக்கிட்டுல்லா இருக்காரு? நீங்களா ஓட்டைப் பல்லு போடுதிய?"

"உங்க அப்பா வாயை மூடி நான் பாத்ததே இல்லைலே. கடையில நின்னா சிரிச்சுக்கிட்டேதான் நிப்பாரு. பல்லு இல்லாததுக்கு நான் என்ன பண்ணட்டும்?"

மகன்கள் இரண்டு பேரும் கத்த ஆரம்பித்தார்கள். உள்ளே இருந்து அவர்கள் அம்மா வந்தாள். படத்தை வாங்கினாள். அந்தப் பல்லிடுக்கில் விரலை வைத்தாள். "எத்தன நாளாச்சு இந்த மனுசனப் பாத்து" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள். மூத்தவன் சுத்தியல் தேடப் போனான்.

என் தம்பி வீடு கட்டியபோதும் இவர்தான் பிளான். வாசல்படி ஓரடி தெருவில் நிற்பதை அப்படியே காட்டிவிட்டார்.

"அண்ணாச்சி, அந்தப் படிய மட்டும் விட்டுருங்களேன்" என்று தம்பி கெஞ்சினான்.

"நீ இடி. நான் அழிக்கேன்."

"எல்லாரும் அப்படித்தானே கட்டுதாவ?"

"எல்லாரும் எங்கிட்ட பிளான் போட வரலைலா? நீ வந்துட்டியே."

தம்பி ஆறு மாதம் அவரோடு பேசவில்லை. ஆனால் படியை இடித்து உள்ளே தள்ளித்தான் கட்டினான்.

இப்படிப்பட்ட ஆளைத்தான் எங்கள் வீட்டுக் கட்டிலை வரையக் கூப்பிட்டோம்.

அது ஈட்டி மரக் கட்டில். எத்தனை தலைமுறை என்று தெரியாது. எங்கள் குடும்பத்துப் பெண்கள் அதில்தான் பிள்ளை பெற்றார்கள். ஆஸ்பத்திரிப் பிரசவம் வந்த பிறகும், தாயும் பிள்ளையும் வீட்டுக்கு வந்ததும் அந்தக் கட்டிலில்தான் படுக்க வைப்போம். பதினாறாம் நாள் பிள்ளைக்குப் பேர் வைக்கும்போது, வீட்டுக்கு மூத்த ஆண் உளி எடுத்து, கட்டிலின் சுவரோரச் சட்டத்தில் உள்பக்கமாக ஒரு வெட்டுப் போடுவார். விரல் நுனி பதிகிற அளவு வெட்டு. பேர் வைத்த பிள்ளைக்குத்தான் வெட்டு. அதற்கு முன்னால் போய்விட்ட பிள்ளைக்கு வெட்டும் இல்லை, பேரும் இல்லை, வீட்டுப் பிள்ளைகளில் சேர்த்தியும் இல்லை. அது எங்கள் வழக்கம்.

எங்களுக்கு முதலில் ஒரு பெண் பிள்ளை பிறந்தது. என் வீட்டுக்காரிக்குப் பிரசவக் காய்ச்சல். பாதி நேரம் நினைவில்லாமல் கிடந்தாள். பதினாறாம் நாள் என் அப்பா வெட்டுப் போட்டார். பிள்ளையின் காதில் பேரைச் சொன்னார். இருபதாம் நாள் பிள்ளை இறந்துவிட்டது.

காய்ச்சல் இறங்கி அவள் எழுந்த பிறகு, சோறு வேண்டாம், பேச்சு வேண்டாம், அந்தக் கட்டில் ஒன்று போதும் என்று ஆகிவிட்டாள். சுவரோரம் திரும்பிப் படுத்து, சட்டத்துக்குள் கையை விட்டு அந்த வெட்டைத் தடவிக்கொண்டே கிடப்பாள். வாய்க்குள் பேரைச் சொல்லுவாள். மாதக்கணக்கில் இப்படி. அதற்குள் என் அப்பாவும் இறந்துபோனார். பேர் வைத்த பிள்ளையை மறக்க முடியாது, பேர் வைக்காதது என்றால் மறந்துவிடுவாள் என்று வீட்டில் பெரியவர்கள் பேசினார்கள். எனக்கும் அது சரி என்று பட்டது. அவளைச் சுரண்டையில் அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, உளியால் அந்த வெட்டைச் சீவினேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன்.

திரும்பி வந்தவள் முதலில் கட்டிலுக்குத்தான் போனாள்.

"இங்கன இருந்த வெட்டு எங்க?"

"எந்த வெட்டு?" என்றேன்.

"மாமா போட்டாவல்லா? பேர் வச்சோம்லா?"

"பேர் வைக்குததுக்கு முன்னாலேயே பிள்ளை போயிருச்சு. ஒனக்குக் காய்ச்சல்ல தோணியிருக்கு."

வீட்டில் எல்லாரும் அதையே சொன்னார்கள். ஒரு வருசம் எதிர்த்துப் பேசினாள். பிறகு சந்தேகமாகப் பேசினாள். பிறகு பேசவே இல்லை. மகன் பிறந்தபோது அவனுக்கு நான்தான் வெட்டுப் போட்டேன். சீவின இடம் பள்ளமாக இருந்ததால் அதைத் தாண்டிப் போட்டேன். அவளும் சிரித்தாள், சமைத்தாள், கிருத்திகைக்கு ஆய்க்குடி போய் முருகனைக் கும்பிட்டாள். குணமாகிவிட்டாள் என்று நான் விளக்கேற்றி நன்றி சொன்னேன்.

இருபது வருசம் கழித்து, பழைய வீடு ஒழுக ஆரம்பித்து, மாடி வீட்டுக்கு வாடகைக்குப் போனோம். அந்தப் படிக்கட்டில் கட்டில் ஏறாது. குற்றாலத்தில் புதிதாக விடுதி கட்டிக்கொண்டிருந்த ஒருவர் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். அதே மாதிரி அறைக்கு ஒன்று செய்யவேண்டும், அளவோடு ஒரு படம் வேண்டும் என்றார். என் வீட்டுக்காரி அதைப் பிடித்துக்கொண்டாள்.

"பிளான் அண்ணாச்சியக் கூப்பிடுங்க. அவருதான் வரையணும். எனக்கும் ஒண்ணு வேணும்."

மூன்று நாள் வந்தார். சுவரை விட்டுக் கட்டிலை ஓரடி நகர்த்திப்போட்டோம். அந்த இடுக்கில் கவிழ்ந்து படுத்துக்கொண்டு, ஒரு கையில் டார்ச், ஒரு கையில் ஸ்கேல். அன்றுதான் அவர் காலரில் ஸ்கேல் இல்லாமல் முதல்முறை பார்த்தேன். என் வீட்டுக்காரி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நிற்பாள்.

"அண்ணாச்சி, அந்தச் செவுத்தோரச் சட்டத்தையும் விடாமப் பாருங்க."

"ஆணி இருந்தா ஆணி, அழுக்கு இருந்தா அழுக்கு. ஒண்ணையும் விட மாட்டேன் தாயி. காபியில ஒரு எறும்பு கெடக்கு, அத மட்டும் விட்டுருதேன்."

அவள் சிரித்தாள். ஆனால் நகரவில்லை. அவள் எதற்காக நிற்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

மூன்றாம் நாள் கிருத்திகை. அவள் ஆய்க்குடிக்குப் போயிருந்தாள். மத்தியானம் இரண்டு மணி இருக்கும். அண்ணாச்சி முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். தரையில் தாளை விரித்து நாலு மூலைக்கும் நாலு டம்ளர் வைத்திருந்தார்.

அந்தப் படத்தை எப்படிச் சொல்வது? நான் பிறந்த கட்டில் அது. ஆனால் அன்றைக்குத்தான் அதைப் பார்த்தேன். நாலு காலும் ஒன்று என்று நினைத்திருந்தேன். தலைமாட்டு இடது காலை வேறு ஒரு கை கடைந்திருக்கிறது. மற்ற மூன்றிலும் மொட்டுக்கு எட்டு இதழ், இதில் ஏழு. தலைமாட்டுப் பலகையில் மாங்காயைக் கொத்தும் இரண்டு கிளி. ஒன்றுக்கு மூக்கு நுனி போயிருக்கிறது. எந்தப் பிள்ளை கடித்ததோ! யாரோ வெற்றிலை போட்டுச் சுண்ணாம்பு விரலைத் தேய்த்த தடம்கூடச் சட்டத்தில் கோடாக இருந்தது. ஒரே ஒரு கறுப்புப் பென்சில்தான். ஆனால் பித்தளைக் குமிழ் பித்தளையாகத் தெரிந்தது, மரம் மரமாகத் தெரிந்தது. நீரோட்டம் மாதிரி மரத்தின் ரேகை ஓடுகிறது, ஒரு முடிச்சில் சுழித்துக்கொண்டு மறுபடி ஓடுகிறது. எத்தனை பேர் படுத்தார்களோ, நடுப்பலகை லேசாகத் தொய்ந்திருக்கிறது. அந்தத் தொய்வைக்கூட இரண்டு கோட்டில் காட்டியிருந்தார். கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. பொய் சொல்லவில்லை, கும்பிட்டேன்.

"இருக்கட்டும் தம்பி. இங்கன பாரு" என்றார். சுவரோரச் சட்டத்தைத் தனியாகப் பெரிதாக வரைந்திருந்தார்.

"மொத்தம் பதினோரு வெட்டு. எல்லாத்துக்கும் நடுவுல ஒண்ணரை விரக்கடை. பத்துக்கும் பதினொண்ணுக்கும் நடுவுல மட்டும் மூணு. அந்த எடத்துல மரம் பள்ளமா இருக்கு. ஒரு வெட்டு இருந்திருக்கு. யாரோ உளியால சீவி, உப்புத்தாள் போட்டிருக்காவ. அடியில வெட்டோட முனை மயிரிழை மாதிரி மிச்சம் இருக்கு. அதையும் போட்டிருக்கேன்."

ஆமாம். அந்த மயிரிழை அங்கே இருந்தது. என் அப்பா கை.

"நல்லாருக்கு அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னேன். அவர் கை கழுவிவிட்டு, மை போட நாளைக்குக் கொண்டு வா என்று சொல்லிப் போனார்.

ஒரு கால்மணி நேரம் அந்தத் தாள் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அவள் வந்ததும் சொல்லிவிடுவது என்று முடிவுசெய்ய அந்தக் கால்மணி நேரம் போதும். முருகன் எனக்காகவே அதைக் கொடுத்தான் என்று இப்போது நினைக்கிறேன். நான் ரப்பரைத் தேடி எடுத்து, அந்தப் பள்ளத்தையும் மயிரிழையையும் அழித்தேன். தூளை ஊதினேன்.

சாயங்காலம் அவள் வந்தாள். திருநீறு பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டே தாள் பக்கத்தில் உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்தச் சட்டத்துக்குப் போனாள். விரல் வைத்து எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்த முகத்தில் கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

"பதினொண்ணுதான்" என்றாள். "நீங்க சொன்னதுதான் சரி. அண்ணாச்சி போடலன்னா அங்கன இல்லைன்னுதான் அர்த்தம். இத்தன வருசமா ஒங்களத் தப்பா நெனச்சுட்டேன்."

அவள் எழுந்து போய் விளக்கேற்றினாள்.

மறுநாள் காலையில் லாரி வந்து கட்டிலை ஏற்றிப் போனது. படத்தை எடுத்துக்கொண்டு நான் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். விரித்துப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தாளைச் சன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கினார்.

"இங்கன ஒரு பள்ளம் போட்டிருந்தேனே? ரப்பர் பட்டிருக்கு."

"நீங்கதான அண்ணாச்சி அழிச்சிய."

"நானா?"

"நேத்து எங்கிட்டக் காட்டுனியள்லா. பெறகு டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, அது வெறும் தேய்மானம்தான்னு சொல்லி நீங்களே அழிச்சிய. என் கண்ணு முன்னால."

எனக்கு அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. ஏற்கெனவே ஒருத்தியிடம் பழகின நாக்கு. அவர் என்னைப் பார்த்தார். நெற்றி நிறையத் திருநீறு பூசிய, கோயில் வாசல் கடைக்காரன். என்னை அவர் ஏன் சந்தேகப்பட வேண்டும்? கட்டில் இருந்திருந்தால் ஓடிப்போய்ப் பார்த்திருப்பார். அது போய்விட்டது.

"மறந்துட்டேன் போலிருக்கு" என்றார். மை போட்டார். அதில் ஒரு நகல் விடுதிக்குப் போனது, மூலப்படம் எங்கள் வீட்டுக்கு வந்தது.

அதன் பிறகு அவர் படம் வரைவது குறைந்தது. வரைந்ததை நாலு தடவை போய்ச் சரிபார்த்தார். கண் டாக்டரைப் பார்த்தார். கண் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். அது அவரை இன்னும் கலக்கிவிட்டது. வீட்டு பிளானுக்கு வந்தவர்களை, "எனக்கு இப்பம் எது இருக்கு, எது இல்லன்னு தெளிவாத் தெரியல. வேற ஆளப் பாருங்க" என்று அனுப்பினார். வீட்டுக்குள் போன பிறகு கதவைப் பூட்டினோமா என்று வந்து பார்ப்பாராம். சாப்பிட்டோமா என்று மருமகளிடம் கேட்பாராம். காலரில் ஸ்கேல் செருகுவதையும் விட்டுவிட்டதால் கழுத்து தொங்கிப்போயிற்று.

ஒருநாள் கடைக்கு வந்தார். சூடம் வாங்குகிறவர் போல நின்றார்.

"தம்பி, சூடத்தை அணைச்செல்லாம் சத்தியம் பண்ண வேண்டாம். சும்மா சொல்லு. அன்னைக்கு நான் அழிச்சத நீ பாத்தியா?"

கடைக்குள்ளே சாமி படங்கள் வரிசையாக மாட்டியிருக்கின்றன. அத்தனையும் பார்த்துக்கொண்டிருந்தன.

"பாத்தேன் அண்ணாச்சி."

"சரி" என்றார். "அப்பம் சரி. நம்ம தலையிலதான் கோளாறு." சூடம் வாங்காமல் போனார். அந்தத் தை மாதம் இறந்தார்.

என் வீட்டுக்காரியின் கடைசி நாளில், ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் பெண் எழுதிக்கொண்டே கேட்டாள்: "எத்தனை பிரசவம் பாட்டி?"

"ரெண்டு" என்றாள். "மொத உள்ளது பேர் வைக்குததுக்கு முன்னாலேயே போயிருச்சு." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள், சரியாகச் சொல்லிவிட்டேனா என்பது போல. நான் தலையாட்டினேன். அப்போதும் தலையாட்டினேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து குற்றாலம் போய் அருவியில் நின்றேன். நல்ல சாரல் காலம், கூட்டமும் இல்லை. தலை வலிக்கும்வரை நின்றேன். தண்ணீர்தான் விழுந்தது. அங்கிருந்து அந்த விடுதிக்கு ஈரத்தோடு நடந்தேன். எங்கள் கட்டில் முன்கூடத்தில் கிடந்தது. குனிந்து சட்டத்துக்குள் கைவிட்டுப் பார்த்தேன். எல்லாம் பட்டி வைத்து அடைத்துப் பாலிஷ் போட்டிருந்தார்கள். பள்ளமும் இல்லை, மயிரிழையும் இல்லை, பதினோரு வெட்டும் இல்லை. ஓர் அறையில் கட்டிலுக்குக் கால் சரிசெய்துகொண்டிருந்த, மலையாளம் கலந்து பேசுகிற செங்கோட்டை ஆசாரி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"சாரே, இதெல்லாம் ஞான் செய்தது. படத்தில கண்டதுபோலத் தன்னே. உள்பக்கம் கை வச்சு நோக்கு. பதினோரு வெட்டு. நல்ல டிசைனல்லே?"

இருபத்து நாலு அறை. இருபத்து நாலு கட்டில். ஒவ்வொன்றிலும் கை விட்டுப் பார்த்தேன். பத்தாவதுக்கும் பதினொன்றாவதுக்கும் நடுவில் எல்லாவற்றிலும் வழுவழுவென்று இருந்தது.

வீட்டில் அந்தப் படம் கண்ணாடிச் சட்டத்துக்குள் அவள் மாட்டினபடி இருக்கிறது. போன வாரம் அதைக் கழற்றினேன். அண்ணாச்சி போட்ட பள்ளத்தை அதே இடத்தில் பென்சிலால் போட்டுப் பார்த்தேன். நாலு தடவை போட்டேன். என் கைக்கு அது பள்ளமாக வரவில்லை. படத்தில் அழுக்குப் பட்டதுபோல இருக்கிறது.

அதனால் எழுத்தில் வைக்கிறேன். வாசித்தவர்கள் யாரிடமாவது இதைச் சொன்னால், என்னைப் பார்த்துப் பாவப்பட்டு ஒரு வார்த்தை கூட்டவேண்டாம். அவள் நல்லதுக்குத்தானே செய்தான் என்று ஒரு வார்த்தை நுழைக்கவேண்டாம். எதையும் குறைக்கவும் வேண்டாம். அண்ணாச்சி சரியாகப் பார்த்தார், சரியாகப் போட்டார், அவர் அழிக்கவில்லை, நான்தான் அழித்தேன். அந்தக் கட்டிலில் வெட்டு பன்னிரண்டு. பதினொன்றாவது எங்கள் மகள். பதினாறாம் நாள் அவளுக்குப் பேர் வைத்தோம். செண்பகவல்லி.